‘சும்மா’ என்று எழுதிய ஓட்டங்கள்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். லேத்தை எப்படி ஓட்டுவது, டூல் முனையின் தேய்மானத்தை எப்படி அளப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அதை நான் எழுதப்போவதில்லை. உலோகத்தை வெட்டும் இந்தத் துறையில் என் வாழ்நாளில் பாதியைக் கழித்திருக்கிறேன். அதில் என்னைத் தலைகுனிய வைத்தது ஒரே ஒரு சொல்தான். தொழில்நுட்பச் சொல் என்று நினைத்துவிடாதீர்கள். ‘சும்மா’ என்ற சொல்.

இரும்பை வெட்டினால் சூடு வரும். சூட்டைத் தணிக்க எண்ணெய் கலந்த, பால் மாதிரி இருக்கிற நீரைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். கூலண்ட் என்பார்கள். அதே நீர் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி ஓடி, ஒருநாள் நாற்றமெடுக்கும். அப்போது அதை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். நம் ஊர்ப் பக்கம் ‘எங்கேயாவது’ என்றால் வாய்க்கால். நான் கோட்டுச்சேரிக்கு அருகில் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். வாய்க்காலில் விடுவது யாருடைய வயலில் போய் நிற்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த நீரைக் குறைக்க முடியுமா என்பதுதான் பல வருடங்கள் எங்கள் ஆய்வாக இருந்தது.

அதற்கு மூன்று விதமாக வெட்டிப் பார்த்து ஒப்பிட்டோம். ஒன்று, வழக்கம்போல் கூலண்டைக் கொட்டி வெட்டுவது. இரண்டு, புன்னை எண்ணெயைக் காற்றோடு கலந்து, பனி மாதிரித் துளித்துளியாகத் தூவி வெட்டுவது. மீனவர்கள் படகுக்குப் பூசுகிற அதே எண்ணெய்தான். கடற்கரையோரம் புன்னைக்குப் பஞ்சமில்லை. மூன்று, எதுவுமே இல்லாமல் உலர்வாக வெட்டுவது. மூன்றாவது வெற்றி பெற்றால் எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், வாய்க்காலும் பிழைக்கும்.

லேத்தை ஓட்டியவர் செல்வராசு. பூவத்திலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இரும்பு வெட்டுப்படும் சத்தத்தைக் கேட்டே டூல் மழுங்கிவிட்டது என்று சொல்லக்கூடியவர். ஒவ்வொரு ஓட்டத்தையும் நீளமான கோடு போட்ட நோட்டில் பதிவார். தேதி, நேரம், எந்த எஃகு ராடு, எந்த டூல், எப்படி ஓட்டியது என்று ஐந்து கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் கூலண்டுக்கு ‘தண்ணி’ என்றும், புன்னை எண்ணெய்க்குத் ‘தூவல்’ என்றும், உலர்வாக வெட்டியதற்குச் ‘சும்மா’ என்றும் எழுதுவார். எனக்கு அது பிடித்திருந்தது. இதைவிடத் தெளிவாக எப்படி எழுத முடியும் என்று வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஆய்வைச் செய்தவள் ஜன்னத், என்னிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்த மாணவி. காரைக்கால் கடைத்தெருவில் அவளுடைய வாப்பாவுக்குப் பாத்திரக்கடை. கணவர் துபாயில். நாலு வயது மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் வருவாள். நடுவில் பிரசவத்துக்காக விட்டுப்போன காலத்தைச் சரிக்கட்ட ஒருமுறை காலநீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இனி ஒருமுறை கேட்டால் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. செல்வராசு வெட்டித் தருகிற டூல்களைப் பக்கத்து அறையில் மைக்ரோஸ்கோப்பில் வைத்து அளப்பது அவள் வேலை. அளந்து முடித்து நாலரைக்குக் கிளம்பிவிடுவாள். மகள் பள்ளி விட்டு வந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பாள்.

ஐப்பசியும் கார்த்திகையுமாக உலர்வு ஓட்டங்கள் நடந்தன. மறுநாளைக்கு வேண்டிய ராடுகளின் மேல்தோலைச் செல்வராசு முந்தின நாள் சாயங்காலமே சீவி வைத்துவிடுவார். மறுநாள் காலையில் அவற்றில் மெல்லியதாக ஒரு வெட்டு, அதுதான் சோதனை. காலையில் வைத்த ராடுகள் தீர்ந்தால், மத்தியானம் புதிதாகச் சில ராடுகளைச் சீவி உடனே வெட்டுவார்.

அதில் ஒரு கோளாறு வந்தது. காலை ஓட்டங்களில் டூல் நன்றாக இருந்தது. மத்தியான ஓட்டங்களில் அதே வேகம், அதே எஃகு, ஆனால் டூல் முனை எலி கொறித்த மாதிரி தேய்ந்துபோயிருந்தது. ஜன்னத் இரண்டையும் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

“ஏன் மேடம் இப்படி வருது? ரெண்டும் சும்மா ஓட்டுனதுதானே?”

“மத்தியானம் வோல்டேஜ் ஏறி எறங்குது இல்லையா, அதான். மத்தியான ரீடிங்கத் தூக்கிப் போட்டுடு.”

“எல்லாத்தையுமா மேடம்?”

“எல்லாத்தையும்தான்.”

அவள் போய்விட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி வந்து அதையே கேட்டாள். நான் மறுபடி அதையே சொன்னேன், இந்தமுறை கொஞ்சம் எரிச்சலோடு. வோல்டேஜை நான் அளந்து பார்க்கவில்லை. அளக்கக் கருவி இருந்தது. என் அறையிலிருந்து இருபது அடி தூரத்தில் இருந்தது. நான் போகவில்லை. ஏனென்றால் காலை ரீடிங்குகள் எனக்குப் பிடித்த விடையைத் தந்தன.

அந்த விடை இதுதான்: இந்த எஃகை மெல்லிய வெட்டாக வெட்டும்போது எண்ணெய் எதுவும் தேவையில்லை, சும்மா ஓட்டினாலே போதும். தூவலுக்கும் உலர்வுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையாக வந்தது. ஜன்னத் அதையே மையமாக வைத்து ஆய்வேட்டை எழுதி முடித்தாள். சமர்ப்பிக்க ஒரு மாதம்கூட இல்லை. நாகப்பட்டினம் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை; ஆய்வேட்டைச் சமர்ப்பித்த சான்றைக் கொடுத்தால் போதும், ஜூனில் சேரலாம் என்று சொல்லிவிட்டார்கள். துபாயிலிருந்து அவள் கணவர் ஊரோடு வந்துவிடத் திட்டம் போட்டதுகூட இந்த வேலையை நம்பித்தான்.

ஒரு பங்குனி மாதக் காலை. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்ப்பதற்காக இரும்புச் சுருள்களைப் படம் எடுக்க ஜன்னத் பீரோவைத் திறந்தாள். வெட்டும்போது சுருண்டு விழுகிற இரும்பை ஓட்டத்துக்கு ஒரு காகித உறையாகப் போட்டு, எண் எழுதி வைத்திருந்தோம். அவள் இரண்டு உறைகளோடு என் மேசைக்கு வந்து, இரண்டையும் ஒரு வெள்ளைத் தாளில் கொட்டினாள்.

ஒரு குவியல் செங்கல் பொடியில் புரட்டியது மாதிரி துருவேறிக் கிடந்தது. இன்னொன்று பளபளவென்று இருந்தது.

“ரெண்டுமே சும்மா ஓட்டுனது மேடம்,” என்றாள். “ரெண்டும் ஒரே நாளு.”

“உறை கிழிஞ்சிருக்கும்,” என்றேன்.

“கிழியல மேடம். எல்லா உறையையும் பிரிச்சுப் பாத்துட்டேன். காலையில ஓட்டுனது எல்லாம் பளபளன்னு இருக்கு. மத்தியானம் ஓட்டுனது எல்லாம் துரு. ஒண்ணுகூடத் தப்பல.”

நான் ஒரு சுருளை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தேன். லேசாக வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன். புன்னை எண்ணெய்.

நம் ஊரில் எண்ணெய் படாத இரும்பு நாலு மாதம் பளபளவென்று இருக்காது. நாலு நாள்கூட இருக்காது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது; மழைக்காலத்தில் காற்றைக் கையில் பிழிந்தால் உப்புத் தண்ணீர் வரும். துருப்பிடித்த குவியல்தான் உண்மையாக உலர்வாக வெட்டியது. பளபளத்த குவியலில் யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள். உண்மையானதை எல்லாம் நான் தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறேன். எண்ணெய் விட்டதை வைத்துக்கொண்டு ‘எண்ணெயே வேண்டாம்’ என்று உலகத்துக்குச் சொல்லியிருக்கிறோம்.

செல்வராசைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“அண்ணே, இந்த ராடையெல்லாம் எப்படி ஓட்டுனீங்க?”

நோட்டைப் பார்த்தார். “சும்மாதாங்க மேடம்.”

“எண்ணெய் எதுவும் விடல?”

“விடலைங்க. எழுதியிருக்கேன் பாருங்க, சும்மான்னு.”

“தூவல் குழாய் ஏதாவது ஒழுகுச்சா?”

“குழாயத் தனியாக் கழட்டி வச்சிட்டுல்ல ஓட்டுனேன்.”

அந்த மனிதர் பொய் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். மேற்கொண்டு என்ன கேட்பதென்று தெரியவில்லை. அப்போதுதான் என் முதல் வேலையில் இருந்த ஒரு ஃபோர்மேன் நினைவுக்கு வந்தார். அவருடைய பெயரை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஒரு லாட் உருப்படிகள் முழுக்கப் பழுதாகி வந்தால், ‘யார் தப்புச் செய்தது’ என்று அவர் கேட்டதே இல்லை. ஒவ்வொருவரிடமும், ‘நேற்று வீட்டுக்குப் போகிறதுக்கு முன்னால் கடைசியாக என்ன செய்தாய்?’ என்று கேட்பார். சட்டை மாற்றினேன், ஃபேனை நிறுத்தினேன் என்பார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த நாளில் எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது.

“அண்ணே, சாயங்காலம் வேல முடிஞ்சு கெளம்புறப்ப கடைசியா என்ன செய்வீங்க?”

“மெசினத் தொடப்பேன். எண்ணெய் தடவுவேன். கதவப் பூட்டிட்டு அஞ்சே காலு பஸ்ஸப் புடிப்பேன்.”

“எதுல எல்லாம் எண்ணெய் தடவுவீங்க?”

“எல்லாத்துலயும்தாங்க. மெசினு, ராடப் புடிக்கிற சக்கு, டூலு, மறுநாளுக்குச் சீவி வச்ச ராடு. தடவாமப் போனா காலையில செவசெவன்னுல்ல நிக்கும்!”

ஜன்னத் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கேட்டேன்: “என்ன எண்ணெய்ண்ணே?”

“கிட்ட இருக்குறது புன்ன எண்ணெதானே? அதத்தான் துணியில தொட்டுத் தடவுவேன். காலையில வந்து தொடச்சிட்டுத்தாங்க ஓட்டுவேன், சொட்டச் சொட்ட ஓட்டமாட்டேன்.” எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. “ஏங்க மேடம், அதுவா எண்ணெய் விடுறது? அது துருவுக்குத் தடவுறதுங்க.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. என் வீட்டுக் கதவுக் கொண்டிக்கு வாரம் ஒருமுறை நானே எண்ணெய் தடவுகிறேன். ஜன்னத்தின் உம்மா அரிவாள்மனைக்குத் தடவுவார்கள். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு அது ஒரு வேலையே இல்லை. கதவைச் சாத்துகிற மாதிரி. வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் ஆய்வகத்தில் இருந்திருந்தால் முதல் நாளே ‘இது என்ன எண்ணெய்?’ என்று கேட்டிருப்பார். நாங்கள் மூவரும் இந்த ஊர். அதனால் மூன்று பேர் கண்ணிலும் படவில்லை. செல்வராசுக்குச் சும்மா என்றால் வெட்டும்போது எதுவும் விடாதது. எனக்குச் சும்மா என்றால் எதுவுமே இல்லாதது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு மழைக்காலம் முழுக்க வேறுவேறாகப் பேசியிருக்கிறோம்.

துறைத்தலைவரிடம் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை. ஜன்னத்துக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுக்காதீங்க மேடம். யாரு வந்து ஒங்க சுருளப் பிரிச்சுப் பாக்கப் போறா? பொண்ணு சமர்ப்பிக்கட்டும், வேலையில சேரட்டும். பின்னாடி நிதானமா ஒரு திருத்தம் எழுதிக்கலாம்.”

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

“மனசு கேக்கலைன்னா, ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிடுங்க. அவரு ஓய்வு பெறப்போறவர்தானே, என்ன ஆகிடப்போவுது?”

அவர் அறையிலிருந்து என் அறைக்கு நடந்து வருகிற வரையில் அது எனக்கும் நியாயமாகவே பட்டது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தப் பெண்ணின் வேலை, அவள் கணவர் ஊர் திரும்புவது, அந்தக் குழந்தை, எல்லாவற்றையும் அடுக்கி, அதற்காகத்தான் நான் வாயை மூடிக்கொள்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு இருந்த பயம் வேறு. கட்டுரையைத் திரும்பப் பெற்றால் அதில் முதலில் அடிபடுவது என் பெயர்.

அறையில் ஜன்னத் காத்திருந்தாள். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். முடிவை அவள் தலையில் கட்டுகிற கோழைத்தனமும் அதில் கொஞ்சம் இருந்தது. அவள் அந்தச் சுருள்களை உறைகளில் திரும்பப் போட்டு மடித்தாள்.

“சமர்ப்பிச்சா பட்டம் வந்துடும் மேடம். வேலையும் வந்துடும். ஆனா எங்கயோ ஒரு பட்டறைக்காரன் இதப் படிச்சிட்டுச் சும்மாவே ஓட்டுவான். டூலு டூலா போவும். பாத்திரக்கடைக்காரர் மவ மேடம் நான். ஓட்டப் பாத்திரம்னு தெரிஞ்சே வித்தா வாப்பா என்னா சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும்.”

“சரி,” என்றேன்.

“செல்வராசு அண்ணன் பேர எழுதாதீங்க. அவங்க அவங்க வேலையத்தான் செஞ்சாங்க.” எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். வாசலுக்குப் போனவள் திரும்பினாள். “ஆனா ஒண்ணு மேடம். மத்தியான ரீடிங்கத் தூக்கிப் போடச் சொன்னது நீங்க. நான் ரெண்டு தடவ வந்து கேட்டேன்.”

ஆமாம் என்றேன். அத்தனை வருட வேலையில் அவ்வளவு வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

அன்று மாலைக்குள் இரண்டு கடிதங்கள் எழுதினேன். ஒன்று ஆய்விதழுக்கு, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக. இன்னொன்று பல்கலைக்கழகத்துக்கு, இன்னொரு காலநீட்டிப்புக் கேட்டு. இரண்டிலும் காரணத்தை ஒரே வரியில் எழுதினேன்: பொருந்தாத ரீடிங்குகளைக் காரணம் ஆராயாமல் நீக்கச் சொன்னது வழிகாட்டியாகிய நான். நீட்டிப்பு வருமா என்று மூன்று வாரம் எங்களுக்குத் தெரியாது. அந்த மூன்று வாரமும் ஜன்னத் என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை. கடைசியில் ஆறு மாதம் கொடுத்தார்கள். நாகப்பட்டினம் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அவள் கணவர் ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டித்துக்கொண்டார். இது ஒன்றையும் என்னால் சரிசெய்ய முடியவில்லை.

மறு ஓட்டம் தொடங்கியது. சீவிய ராடை அன்றைக்கே கழுவி, துடைத்து, வெட்டிவிட வேண்டும். புன்னை எண்ணெய் டின்னை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஜன்னத் வைத்துக்கொண்டாள். நோன்பு மாதம் அது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நாள் முழுக்க லேத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். நாலரைக்குக் கிளம்புவதையும் விட்டுவிட்டாள். செல்வராசு கதவைப் பூட்டும்வரை கூடவே நிற்பாள். மகளை உம்மா சமாளித்துக்கொண்டார்கள்.

செல்வராசுதான் ரொம்பக் கஷ்டப்பட்டார். தன்னால் ஒரு பெண்ணின் வேலை போய்விட்டது என்று அவருக்குள் உட்கார்ந்துவிட்டது. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அதோடு, சாயங்காலம் எண்ணெய் தடவாமல் கதவைப் பூட்டுவதும் அவரால் முடியவில்லை. பூட்டிவிட்டுத் திரும்பத் திறந்து பார்ப்பார்.

“கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க மேடம்,” என்றார். “காலையில வந்து பாத்தா மெசினு பெத்த புள்ளைக்குச் செரங்கு வந்த மாதிரி நிக்குது.”

எண்ணெய் இல்லாத உலர்வு ஓட்டம் காலையிலும் ஒன்றுதான், மத்தியானத்திலும் ஒன்றுதான் என்று ஆனது. எல்லா டூலும் எலி கொறித்தது மாதிரியே வந்தது. வோல்டேஜையும் இம்முறை அளந்தோம். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் பழைய முடிவு முழுப் பொய். ஜன்னத் அந்த அட்டவணையை என் மேசையில் வைத்தாள். ஆய்வேட்டில் பாதியை அவள் தன் கையாலேயே கோடு போட்டு அடித்திருந்தாள்.

“இன்னொன்னும் ஓட்டிப் பாக்கணும் மேடம்,” என்றாள். “காலையில ஓட்டுன டூல் ஏன் நல்லாருந்துச்சு? துணியால தடவுன எண்ணெய், அதையும் தொடச்சிட்டு ஓட்டுனது. அவ்ளோ கொஞ்சூண்டே போதும்னா, தூவுற மெசினு எதுக்கு? அத வாங்க முடியாத பட்டறைங்கதானே நம்ம ஊருல நெறைய?”

ஒரு மாதத்துக்குப் பிறகு, கேட்டதற்குப் பதில் என்றில்லாமல், அவளாக என்னிடம் மனம்விட்டுப் பேசியது அப்போதுதான். நான் தூக்கிப் போட்டதையும் வைத்துக்கொண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவள் ஒரு கேள்வியை உண்டாக்கியிருந்தாள். எனக்கு அது தோன்றவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆக நாலாவது விதம் ஒன்று சேர்ந்தது. நோட்டில் அதற்குத் ‘துணி’ என்று பெயர். எவ்வளவு எண்ணெய் ஒட்டுகிறது என்று அறிய, தடவுவதற்கு முன்னும் பின்னும் துணியை எடை போட வேண்டும். பீரோவைத் திறந்து டின்னைக் கொடுத்ததும் செல்வராசு முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் எடை போடுகிற தராசையும், நாங்கள் இருவரும் பக்கத்தில் நிற்பதையும் பார்த்ததும் அவருக்குக் கை ஓடவில்லை. கல்யாண மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசுகிற மாதிரி பயந்து பயந்து தடவினார். பழைய அளவில் கால்வாசிகூட வரவில்லை.

“பாத்துக்கிட்டே இருந்தா வராதுங்க,” என்றார்.

ஜன்னத் தராசைத் துணி போட்டு மூடிவிட்டு, “பூவத்துல இந்த வருசம் குறுவ போடப் போறீங்களாண்ணே?” என்று கேட்டாள். அவ்வளவுதான். தண்ணீர் வருமா, வராதா, விதைநெல் யாரிடம் வாங்குவது என்று மனிதர் பேச ஆரம்பித்தார். கை தன்பாட்டுக்குத் தடவிக்கொண்டே போனது. பத்து நாளைக்கு அவருடைய வயலில் நடப்பது அத்தனையும் எங்களுக்கு அத்துப்படி. அவர் தடவிய துணிகள் கிட்டத்தட்ட ஒரே எடையில் வந்துகொண்டிருந்தன.

மெல்லிய வெட்டுக்கு அந்தத் துணி எண்ணெய் போதுமானதாக இருந்தது. ஆழமாக வெட்டினால் போதவில்லை. அதையும் அப்படியே எழுதினாள். பழைய தலைப்பை மாற்ற அனுமதி வாங்கி, கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது சமர்ப்பித்தாள். அன்றைக்கு அவளுடைய வாப்பா எங்கள் ஆய்வகத்துக்கே ஒரு டிபன் கேரியரை அனுப்பிவைத்தார். செல்வராசு முதல் தட்டை வாங்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் முதல் கேள்வியாக, உலர்வு வெட்டு என்று எதைச் சொல்கிறாய் என்று கேட்டார். சாதாரணமாக ஒரு வரியில் பதில் சொல்கிற கேள்வி. ஜன்னத் ஐந்து நிமிடம் சொன்னாள். ராடை எப்போது சீவியது, எதில் கழுவியது, யார் தொட்டது, தொட்ட கையில் என்ன இருந்தது என்று எல்லாம். திரும்பப் பெற்ற கட்டுரையைப் பற்றியும் அவளே சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பட்டம் கிடைத்தது.

இப்போது அவள் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறாள். கணவரும் வந்துவிட்டார், ஒரு வருடம் தாமதமாக. பெருநாளுக்கு என்னைத் தவறாமல் கூப்பிடுவாள். போனமுறை பேசும்போது, “எங்க லேப்ல மத்தியானம் எடுத்த ரீடிங்க யாரையும் நான் தூக்கிப் போட விடறதில்ல மேடம்,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். சுருக்கென்று தைத்தது, தைக்கட்டும்.

ஆகவே, ஓட்டுகிறவரிடம் போய் ‘எண்ணெய் விடவில்லையே?’ என்று கேட்காதீர்கள். விடவில்லை என்றுதான் சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பொருந்தாத ரீடிங் ஒன்று வந்தால் அதைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் இருபது அடி நடந்து போய்ப் பாருங்கள். பிடித்த விடையைத் தருகிற ரீடிங்குக்கு இன்னும் இருபது அடி கூடுதலாக நடங்கள்.

அந்த நோட்டு உங்கள் ஆய்வகத்தில் இரண்டாவது பீரோவில், மேல் தட்டில் இருக்கிறது. அதை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். முன்பாதியில் கடைசிக் கட்டம் முழுக்கச் ‘சும்மா’, ‘சும்மா’ என்று ஒற்றைச் சொல்லாக இறங்கும். மறு ஓட்டம் தொடங்கிய நாளிலிருந்து செல்வராசுக்கு அந்தக் கட்டம் போதவில்லை. ஓரத்திலும் அடியிலும் எழுதியிருப்பார். கடைசி உலர்வு ஓட்டத்துக்கு நேரே இப்படி இருக்கும்:

“எண்ணெய் இல்லை. தண்ணி இல்லை. ராடு இன்று சீவி இன்றே கழுவியது. டூல் புதுசு. கை சோப்புப் போட்டுக் கழுவினேன். சாயங்காலம் தடவணும்னு தோணுச்சு. தடவல.”